ஆம்புலன்ஸில் ஏறுபவருக்கு ஆசிரியர் யார்?

108 ஆம்புலன்ஸுக்கு ஆள் எடுக்கும் அறிவிப்பு கோவை நாளிதழ்களின் மாவட்டப் பக்கங்களில் அவ்வப்போது வரும். அதன் வாசகம் பெரிதாக மாறுவதில்லை. மருத்துவ உதவியாளர் பணிக்கு பி.எஸ்சி. நர்சிங், ஜி.என்.எம்., ஏ.என்.எம். படித்திருக்கலாம், பிளஸ் டூவுக்குப் பின் இரண்டாண்டு டி.எம்.எல்.டி. முடித்திருக்கலாம், விலங்கியல், தாவரவியல், உயிர்வேதியியல், நுண்ணுயிரியல் போன்ற உயிர் அறிவியல் பட்டமும் போதும். வயது 19 முதல் 30 வரை. எழுத்துத் தேர்வு, உடற்கூறியலிலும் முதலுதவியிலும் சில கேள்விகள், பிறகு நேர்முகம். தேர்வானவர்களுக்கு 50 நாள் பயிற்சி.

அந்த 50 நாளில் நடப்பது சின்ன விஷயமல்ல. கல்லூரி ஆய்வகத்தில் கரப்பான்பூச்சியை அறுத்துப் பார்த்த விலங்கியல் பட்டதாரி ஒருவர் 51ஆம் நாள் ஆம்புலன்ஸின் பின்கதவைத் திறந்துகொண்டு இறங்குகிறார். நீலாம்பூர் பைபாஸில் லாரிக்கும் தடுப்புச் சுவருக்கும் நடுவில் ஒருவர் கிடக்கிறார். கழுத்தெலும்பு நகராமல் அவரை ஸ்பைன் போர்டுக்கு மாற்ற வேண்டும், மூச்சுப்பாதையைத் திறக்க வேண்டும், ரத்தக் கசிவை நிறுத்த வேண்டும், எந்த மருத்துவமனைக்குப் போவது என்று முடிவெடுக்க வேண்டும். இவை எல்லாவற்றையும் அவர் கையில் ஏற்றியவர், அந்த 50 நாளும் அவருக்குப் பாடம் எடுத்தவர். அந்த ஆசிரியருக்கு என்ன தகுதி இருக்க வேண்டும்? வேலைவாய்ப்பு அறிவிப்புகளைப் படிக்கும் நாம் அதிகம் கேட்காத கேள்வி இது. கொங்கு மண்டலத்தை முன்வைத்து இதைக் கொஞ்சம் விரிவாகப் பார்க்கலாம்.

அவசர மருத்துவத் திறன்களைக் கற்பிக்கும் அரசுப் பணிக்குள் நுழைய ஒன்றுக்கு மேற்பட்ட வாசல்கள் உண்டு. உயரமான வாசல் மருத்துவக் கல்லூரி. அவசர மருத்துவத்தைத் தனி முதுகலைப் படிப்பாக இந்திய மருத்துவக் கழகம் ஏற்றுக்கொண்டதே 2009இல்தான். கோவை மருத்துவக் கல்லூரி தொடங்கியதோ 1966இல். அதாவது நாற்பது ஆண்டுகளுக்கும் மேலாக, திருச்சி சாலையில் இருக்கும் பெரியாஸ்பத்திரியின் கேஷுவாலிட்டிக்கு வந்த விபத்தையும் விஷத்தையும் பொது மருத்துவம், அறுவை சிகிச்சை, எலும்பியல், மயக்கவியல் படித்தவர்களே பார்த்தார்கள், அவர்களே கற்பித்தார்கள். 1998 பிப்ரவரி 14 தொடர் குண்டுவெடிப்பில் 58 பேர் இறந்து, 200க்கும் மேற்பட்டோர் காயமடைந்த நாளில் இந்த ஊருக்கு 108 என்ற எண் கிடையாது. அந்தச் சேவை தமிழ்நாட்டில் தொடங்கியது 2008 செப்டம்பர் 15 அன்று. அன்றைய மருத்துவர்களுக்கும் செவிலியர்களுக்கும் அவசர மருத்துவத்தில் பட்டம் எதுவும் இருந்திருக்க வழியில்லை. ஆனாலும் அந்த நாளை அவர்கள்தான் சமாளித்தார்கள். அனுபவம் என்ற தகுதி எவ்வளவு எடையுள்ளது என்பதற்கு இந்த ஊரிலேயே இருக்கும் சான்று அது.

இன்று மருத்துவக் கல்லூரியில் அவசர மருத்துவத் துறையின் உதவிப் பேராசிரியராக வேண்டுமானால் பொதுவாக அதில் எம்.டி. அல்லது டி.என்.பி. வேண்டும். தேசிய மருத்துவ ஆணையம் 2025இல் கொண்டுவந்த விதிகள் வாசலைச் சற்று அகலப்படுத்தின: 220 படுக்கைகளுக்குக் குறையாத அரசு மருத்துவமனைகளில் நீண்ட காலம் பணிசெய்த சிறப்பு மருத்துவர்களும் ஆசிரியராகலாம். திருப்பூர், நாமக்கல், நீலகிரி எனப் புதிய அரசு மருத்துவக் கல்லூரிகள் 2022இல் திறக்கப்பட்ட நம் பகுதிக்கு இது பொருத்தமான மாற்றம் என்றே நினைக்கிறேன். மருத்துவம் தெரிந்தவர் எப்படிக் கற்பிப்பது என்பதற்காக, மருத்துவ ஆசிரியர்களுக்கு மருத்துவக் கல்வி முறைகள் பற்றிய ஓர் அடிப்படைப் பயிற்சியும் உண்டு. அதன் காலம் மூன்று நாள்.

இரண்டாவது வாசல் செவிலியம். இந்திய நர்சிங் கவுன்சிலின் விதிப்படி பி.எஸ்சி. நர்சிங் கல்லூரியில் டியூட்டராக, எம்.எஸ்சி. நர்சிங் இருந்தால் நல்லது, இல்லாவிட்டால் பி.எஸ்சி. நர்சிங்கும் ஓராண்டு அனுபவமும் போதும். அவசரம் மற்றும் பேரிடர் செவிலியத்தில் ஓராண்டுப் பட்டயப் படிப்பையும் கவுன்சில் வைத்திருக்கிறது. மூன்றாவது வாசல், தேசிய நலவாழ்வுக் குழுமம் சார்ந்த திறன் ஆய்வகங்கள். பொம்மைகளை வைத்துக்கொண்டு செவிலியருக்கும் மருத்துவருக்கும் செய்முறை கற்பிக்கும் இடங்கள் அவை. வெளிநாட்டு அமைப்புகளின் சான்றிதழ்களையே நம்பியிருந்த நிலைக்கு மாற்றாக மத்திய சுகாதார அமைச்சகம் 2022 ஜனவரி 24 அன்று தேசிய அவசர உயிர்காப்புப் பயிற்சியைத் தொடங்கியபோது, பயிற்றுநர்களை உருவாக்குவதையும் அதன் நோக்கங்களில் ஒன்றாக வைத்தது. தமிழ்நாட்டின் விபத்து மற்றும் அவசர சிகிச்சைத் திட்டமான ‘டேய்’, கேஷுவாலிட்டியைச் சிவப்பு, மஞ்சள், பச்சை என்று பிரித்து, நோயாளி நுழைந்த கணத்திலேயே யாருக்கு முதலில் என்று தீர்மானிக்கும் முறையை அரசு மருத்துவமனைகளுக்குக் கொண்டுவந்தது. நிறம் பிரிக்கத் தெரிந்த செவிலியர் இல்லாவிட்டால் சுவரில் அடித்த சாயம் மட்டும்தான் மிஞ்சும் என்பதால் இந்தத் திட்டத்தின் உயிரும் பயிற்சியில்தான் இருக்கிறது.

நாம் கவனிக்காத பழைய வாசல் ஒன்றும் இருக்கிறது. தமிழ்நாட்டில் பேருந்து நடத்துநர் உரிமம் வாங்க முதலுதவிச் சான்றிதழ் வேண்டும். சேரன் போக்குவரத்துக் கழகத்தின் காலத்திலிருந்து இன்றுவரை டிக்கெட் கிழித்த ஒவ்வொரு கையும் ஒரு முதலுதவி வகுப்பில் கட்டுப்போடப் பழகிய கைதான். 1948ஆம் ஆண்டுத் தொழிற்சாலைகள் சட்டம் 150 தொழிலாளர்களுக்கு ஒரு முதலுதவிப் பெட்டி வேண்டும் என்றது. அரசு ஏற்ற சான்றிதழ் பெற்ற ஒருவர் அதற்குப் பொறுப்பாக இருக்க வேண்டும் என்றது. 500 பேருக்கு மேல் வேலை செய்தால் ஆம்புலன்ஸ் அறை வேண்டும் என்றது. நூற்பாலைகளும் ஃபவுண்டரிகளும் நிறைந்த பீளமேடு, சிங்காநல்லூர், கணபதி வட்டாரத்தில் இந்தப் பிரிவு எத்தனை ஆயிரம் பேரை முதலுதவி வகுப்பில் உட்கார வைத்திருக்கும்! அந்த வகுப்பை ஒரு சடங்காக எடுத்து முடித்தவர்களும் உண்டு, உயிராக எடுத்தவர்களும் உண்டு. இரண்டையும் வேறுபடுத்தும் தகுதி எந்த விதியிலும் எழுதப்படவில்லை.

இப்போது அந்த விலங்கியல் பட்டதாரியிடம் திரும்புவோம். பத்தாண்டு வண்டியில் ஓடிவிட்டார் என்று வைத்துக்கொள்வோம். ஆழியாறிலிருந்து வால்பாறை வரை 40 கொண்டை ஊசி வளைவுகளில் பிரசவம் பார்த்திருக்கிறார். திம்பம் மலைப்பாதையின் 27 வளைவுகளில், தாளவாடியிலிருந்து சத்தியமங்கலத்துக்கு இறங்கும் வண்டியில், மூச்சுத் திணறுபவருக்கு ஆம்பு பேக்கை அழுத்திக்கொண்டே வந்திருக்கிறார். ஒரு கையால் கம்பியைப் பிடித்துக்கொண்டு இன்னொரு கையால் ஊசி ஏற்றத் தெரிந்தவர். புதிதாக வருபவர்களுக்குக் கற்றுக்கொடுக்க இவரைவிடப் பொருத்தமானவர் யார்? ஆனால் மேலே சொன்ன அரசு வாசல்கள் எதிலும் இவரால் நுழைய முடியாது. எம்.டி. இல்லை. நர்சிங் பட்டம் இல்லை. 108 சேவை அரசுடன் ஒப்பந்தம் செய்துகொண்ட நிறுவனம் நடத்துவது. அதனால் அவர் அரசு ஊழியரும் அல்ல, அவருடைய பத்தாண்டு அரசுப் பணி அனுபவமும் அல்ல. அந்த நிறுவனத்துக்குள் பயிற்றுநராக உயரலாம். கோவை மருத்துவக் கல்லூரியின் திறன் ஆய்வகத்தில் ஆசிரியர் நாற்காலியை அவருக்கு எந்த விதியும் தராது.

படிப்பின் பக்கத்திலும் ஓட்டை உண்டு. அரசு மருத்துவக் கல்லூரிகளில் அவசர சிகிச்சை டெக்னீஷியனுக்கு ஓராண்டுச் சான்றிதழ் படிப்பு இருக்கிறது. தமிழ்நாடு டாக்டர் எம்.ஜி.ஆர். மருத்துவப் பல்கலைக்கழகத்தின் கீழ் விபத்து மற்றும் அவசர சிகிச்சைத் தொழில்நுட்பத்தில் பி.எஸ்சி. பட்டமே இருக்கிறது. பிளஸ் டூவில் உயிரியல் எடுத்த கிராமத்துப் பிள்ளைகள் பலர் நம்பிக்கையோடு சேரும் படிப்பு அது. ஆனால் 108இன் அறிவிப்பில் இந்தப் பட்டம் தனித்து முன்னே நிற்பதில்லை. தாவரவியலோடு வரிசையில் நிற்கிறது. இந்தத் துறைக்கென்றே படித்தவருக்கு முன்னுரிமை இல்லை என்றால், அவரைப் படிக்க வைக்கும் ஆசிரியருக்கு மட்டும் தெளிவான தகுதி எங்கிருந்து வரும்? 2021இல் நாடாளுமன்றம் இயற்றிய இணை மற்றும் உடல்நலத் தொழில்முறையாளர் ஆணையச் சட்டம் இதைச் சரிசெய்யும் வாய்ப்பைத் தந்தது. அவசர மருத்துவத் தொழில்நுட்பர் என்பவரை அது தனித் தொழிலாகப் பெயர் சொல்லி ஏற்கிறது. பட்டயத்துக்கு 2,000 மணி நேரம், பட்டத்துக்கு 3,600 மணி நேரம் என்று குறைந்தபட்சக் கல்விக் காலத்தை வரையறுக்கிறது. 50 நாளை எப்படிக் கணக்கிட்டாலும் 2,000 மணி வராது. சட்டம் முழுதாகக் கால் ஊன்றும்போது ஆயிரக்கணக்கான மணி நேரத்துக்கான ஆசிரியர்கள் தேவைப்படுவார்கள். அவர்களை யார், எந்த அளவுகோலால் தேர்ந்தெடுப்பார்கள் என்பது இப்போதே பேச வேண்டிய விஷயம்.

இதே கேள்வியை அரை நூற்றாண்டுக்கு முன் அமெரிக்காவின் பிட்ஸ்பர்க் நகரம் சந்தித்தது. 1967இல் ‘ஃப்ரீடம் ஹவுஸ்’ என்ற ஆம்புலன்ஸ் சேவை அங்கே தொடங்கியது. செயற்கைச் சுவாச முறையின் முன்னோடிகளில் ஒருவரான மருத்துவர் பீட்டர் சாஃபர், வேலையில்லாத கறுப்பின இளைஞர்களைத் திரட்டி, சுமார் 300 மணி நேரம் பயிற்சி தந்தார். அவர்களில் சிலர் பள்ளிப்படிப்பையே முடிக்காதவர்கள். அன்றைய அமெரிக்காவில் பெரும்பாலான ஊர்களில் போலீஸ் வண்டியும் பிணவண்டியும்தான் நோயாளிகளைத் தூக்கிச் சென்றன. இந்த இளைஞர்கள் தெருவிலேயே சிகிச்சை தந்தார்கள். பின்னர் மருத்துவ இயக்குநராக வந்த நான்சி கரோலைன் அவர்களோடு வண்டியில் ஏறிச் சுற்றினார். அங்கே உருவான பாடத்திட்டம்தான் அமெரிக்கா முழுவதும் பாராமெடிக்குகளுக்கான பாடத்துக்கு அடித்தளமானது. 1975இல் நகராட்சி அந்தச் சேவையைத் தன்கீழ் எடுத்துக்கொண்டது. புதிய தேர்வுகளும் புதிய விதிகளும் வந்தன. அந்தத் துறையையே உருவாக்கிய பழைய ஊழியர்களில் பலர் வெளியே தள்ளப்பட்டனர். நம் ஊரில் விதிகள் எழுத உட்காருபவர்கள் இந்தக் கதையை ஒருமுறை படித்துவிட்டு உட்கார வேண்டும் என்று விரும்புகிறேன்.

அனுபவம் என்று சொல்லும்போது நான் ஆண்டுகளின் எண்ணிக்கையை மட்டும் சொல்லவில்லை. இந்த மண்ணின் அவசரங்கள் என்னவென்று தெரிந்திருப்பதைச் சொல்கிறேன். ஓர் உதாரணம்: கொங்குக் கிராமங்களில் ராத்திரி நேரத்தில் பாம்பு என்று பேர் சொல்லமாட்டார்கள். “ஏதோ பூச்சி கடிச்சிருச்சுங்க” என்பார்கள். தொலைபேசியில் இதைக் கேட்பவர் எறும்போ தேளோ என்று நினைத்தால் போயிற்று. கட்டுவிரியன் கடித்த தடம் பல நேரம் தெரியாது, வீக்கம் இருக்காது, தரையில் படுத்திருந்தவர் விடியற்காலையில் வயிற்று வலி என்று எழுவார், சற்று நேரத்தில் இமை தொங்கும். ‘பூச்சி’ என்ற சொல்லையும், தரையில் படுத்த விவரத்தையும், இமையையும் சேர்த்துப் பார்க்கக் கற்றுக்கொடுப்பவரே இங்கே ஆசிரியர். கயிறு கட்டாதே, கீறாதே, உறிஞ்சாதே, கடிபட்ட உறுப்பை அசைக்காமல் வைத்துக் கொண்டுவா என்ற நான்கு கட்டளைகளும் பாடப்புத்தகத்தில் உண்டு. ஆனால் மந்திரிக்கும் வீட்டு வாசலில் நிற்கும் குடும்பத்தைக் கோபப்படுத்தாமல் வண்டியில் ஏற்றும் வித்தை புத்தகத்தில் இல்லை. தமிழ்நாடு அரசு 2024 நவம்பரில் பாம்புக்கடியை அறிவிக்கை செய்ய வேண்டிய நோயாக ஆக்கியது. நாட்டில் கிடைக்கும் கூட்டு விஷமுறிவு மருந்து நல்ல பாம்பு, கட்டுவிரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன் ஆகிய நான்குக்குமானது. மேற்குத் தொடர்ச்சி மலையில் வாழும் கூம்பு மூக்கு விரியனின் விஷத்தை அது முறிக்காது. ஆனைமலைப் பக்கம் வேலை செய்யப் போகிறவருக்கு இதைச் சொல்லாமல் வகுப்பை முடிக்கக் கூடாது.

இன்னொன்று சாணிப்பவுடர். வாசல் தெளிக்கச் சாணம் கிடைக்காத நகர வீடுகளில் அதற்குப் பதிலாகப் பயன்பட்ட சாயப்பொடி. அதனால் நச்சுக்குள்ளாகி வருபவர்களைக் கோவை, திருப்பூர், ஈரோடு மருத்துவமனைகள் நெடுங்காலமாகப் பார்த்துவருகின்றன. உலகப் பொதுப் பாடத்திட்டம் எதிலும் இந்தப் பெயர் இருக்காது. வேறு மாவட்டத்திலிருந்து மாற்றலாகி வரும் இளம் மருத்துவருக்கே முதல் நாள் இது புதிர்தான். விசைத்தறியில் சிக்கிய விரல், ஃபவுண்டரியில் உருகிய இரும்பு தெறித்த புண், பொள்ளாச்சியில் தென்னையிலிருந்து விழுந்தவரின் முதுகெலும்பு, கிணற்று மோட்டாரில் ஷாக் அடித்துக் கிடப்பவர் என்று இந்தப் பட்டியல் நீளும். கடைசிச் சம்பவத்தில் முதலில் செய்ய வேண்டியது மெயினை அணைப்பது. ஓடிப்போய்த் தொட்டு இரண்டாவது உயிரும் போன வீடுகள் நம் தோட்டங்களில் உண்டு.

அடுத்து மொழி. 2021 டிசம்பர் அரசாணைக்குப் பின் மாநில அரசுப் பணித் தேர்வுகளில் கட்டாயத் தமிழ்த் தாள் வந்தது. மருத்துவப் பணியாளர் தேர்வு வாரியத்தின் தேர்வுகளிலும் அது உண்டு; பத்தாம் வகுப்புத் தரம், 40 விழுக்காடு தேர்ச்சி. இதை மனமார வரவேற்கிறேன். ஆனால் அவசர மருத்துவத்தின் ஆசிரியருக்கு வேண்டிய தமிழ் வேறு வகை. “நெஞ்சு கரிக்குது”, “வாயு புடிச்சிருக்கு”, “எளப்பு வாங்குது”, “கை மதமதங்குது” என்ற சொற்களுக்குள் மாரடைப்பு எங்கே ஒளிந்திருக்கிறது என்று மாணவருக்குக் காட்டும் தமிழ் அது. மாரடைப்பை நேரத்தில் அடையாளம் கண்டு சரியான இடத்துக்குக் கொண்டுசேர்ப்பதன் மதிப்பு என்ன என்பதற்கு ஒரு நல்ல கணக்கே இருக்கிறது. கோவை மெடிக்கல் சென்டரின் இதய மருத்துவர் தாமஸ் அலெக்சாண்டரும் சென்னையின் அஜித் முல்லசாரியும் முன்னின்று நடத்திய தமிழ்நாடு மாரடைப்புச் சிகிச்சைத் திட்டம், ஊர்ப்புற மருத்துவமனைகளையும் 108ஐயும் பெரிய மருத்துவமனைகளையும் ஒரே வலையில் கோத்தது. 2017இல் வெளியான அதன் ஆய்வில் 2,420 நோயாளிகள் இருந்தார்கள். திட்டத்துக்கு முன் ஓராண்டுக்குள் இறந்தவர்கள் 17.6 விழுக்காடு, பின்பு 14.2 விழுக்காடு. ஈசிஜி எடுக்கவும், எடுத்ததை உடனே அனுப்பவும், எங்கே கொண்டுபோவது என்று தீர்மானிக்கவும் பழகிய கைகள் இல்லாமல் அந்த வலை இயங்கியிருக்காது. அந்தக் கைகளைப் பழக்கியது யாரோ ஓர் ஆசிரியர்.

மூன்றாவது தகுதி, கற்பிக்கத் தெரிவது. மார்பு அழுத்தம் நிமிடத்துக்கு 100 முதல் 120, ஆழம் ஐந்து முதல் ஆறு சென்டிமீட்டர், ஒவ்வொரு அழுத்தத்துக்குப் பிறகும் மார்பு முழுதாக எழ வேண்டும். இதைப் பலகையில் எழுதிப்போட இரண்டு நிமிடம் போதும். நாற்பது பேர் கொண்ட வகுப்பில் ஒவ்வொருவரும் பொம்மையின் மார்பில் இரண்டு நிமிடம் அழுத்தி, ஆசிரியர் பக்கத்தில் மண்டியிட்டு முழங்கையைத் திருத்தி, மறுபடி செய்யவைக்க ஒரு பகல் முழுதும் ஆகும். பலகையோடு நின்றுவிடுபவர்கள் எல்லாத் துறையிலும் இருக்கிறார்கள். இந்தத் துறையில் அதன் விளைவு மரணம். கற்ற சிபிஆர் திறன் சில மாதங்களிலேயே மங்கத் தொடங்கும் என்று உலகெங்கும் நடந்த ஆய்வுகள் திரும்பத் திரும்பக் காட்டியிருக்கின்றன. ஆகவே ஆசிரியரின் சான்றிதழும் ஒருமுறை வாங்கிச் சட்டம்போட்டு மாட்டும் பொருளாக இருக்க முடியாது. அமெரிக்க இதயச் சங்கம் தன் பயிற்றுநருக்கு இரண்டாண்டு மட்டுமே அனுமதி தருகிறது: முதல் வகுப்பை மூத்தவர் ஒருவர் கண்காணிப்பில் எடுக்க வேண்டும், இரண்டாண்டில் குறைந்தது நான்கு வகுப்பு எடுத்திருக்க வேண்டும். இந்திய மயக்கவியலாளர்கள் முன்னின்று உருவாக்கிய இந்திய உயிர்மீட்பு கூட்டமைப்பு, பொதுமக்களுக்கென்று அழுத்தம் மட்டும் தரும் எளிய முறையை 2017இல் வகுத்தது. அதைத் தமிழில், மில் கேன்டீனிலும் பஞ்சாயத்து அலுவலகத்திலும் நின்று கற்பிக்கும் அரசுப் பயிற்றுநர் என்ற பதவி ஒவ்வொரு ஒன்றியத்துக்கும் வேண்டும் என்பது என் ஆசை.

சாலையில் கிடப்பவரைத் தூக்கிவிட்டால் போலீஸ், கோர்ட் என்று அலைய வேண்டிவரும் என்ற பயத்தை 2016 மார்ச் 30 உச்ச நீதிமன்றத் தீர்ப்பும், 2019இல் மோட்டார் வாகனச் சட்டத்தில் சேர்ந்த 134ஏ பிரிவும் சட்டப்படி நீக்கிவிட்டன. பணம் இல்லையே என்ற பயத்தை, முதல் 48 மணி நேரச் சிகிச்சைச் செலவை ஏற்கும் ‘இன்னுயிர் காப்போம்’ திட்டம் 2021 டிசம்பரிலிருந்து பெருமளவு குறைத்திருக்கிறது. மிச்சமிருப்பது எப்படித் தூக்குவது என்று தெரியாத பயம் மட்டும்தான்.

ஆகவே அடுத்த முறை திறன் ஆய்வகப் பயிற்றுநருக்கு அறிவிப்பு எழுதும்போது சில வரிகளைச் சேர்க்கலாம். பட்டம் வேண்டும், அதில் சமரசம் வேண்டாம், ஏனென்றால் மருந்தின் அளவு தெரியாத அனுபவம் ஆபத்தானது. ஆனால் மருத்துவம், செவிலியத்தோடு அவசர சிகிச்சைத் தொழில்நுட்பப் பட்டமும் அந்த வரிசையில் இருக்கட்டும். ஆம்புலன்ஸிலோ சிவப்பு மண்டலத்திலோ குறைந்தது மூன்றாண்டு நேரடிப் பணி கட்டாயமாகட்டும். எந்த நிறுவனத்தின் சம்பளத்தில் இருந்தார் என்று பார்க்காமல் அதைக் கணக்கில் எடுக்கட்டும். பட்டமில்லாமல் பத்தாண்டு ஓடிய மருத்துவ உதவியாளருக்குப் பணியில் இருந்தபடியே படித்துத் தகுதிபெற ஒரு வழி திறக்கட்டும்; அதுவரை அவர் இணைப் பயிற்றுநராக வகுப்பில் நிற்கட்டும். நியமனம் நிரந்தரமாக இருந்தாலும் கற்பிக்கும் உரிமம் இரண்டாண்டுக்கு ஒருமுறை புதுப்பிக்கப்படட்டும்.

நேர்முகத்துக்கு வருபவர்களிடம் சான்றிதழ் சரிபார்த்த பிறகு கேள்வி கேட்டு நேரம் போக்க வேண்டாம். ஒரு பொம்மை, ஒரு பாய், பக்கத்து மில்லில் ராத்திரி ஷிஃப்ட் முடித்து வந்த ஒரு தொழிலாளி. “இந்த அக்காவுக்கு முன்னே பின்னே இது பழக்கமில்லைங்க. இருபது நிமிஷத்துல சொல்லிக்கொடுங்க” என்று சொல்லிவிட்டுத் தேர்வுக்குழு ஓரமாக உட்கார வேண்டும். இருபது நிமிடம் முடிந்ததும் விண்ணப்பதாரரை வெளியே அனுப்பிவிட்டு, அந்த அக்காவை அழுத்தச் சொல்லிப் பார்த்து மதிப்பெண் போட வேண்டும்.